அத்திமரத்துக்குக் கிடைத்த தவணை

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நான் பைபிளைப் படித்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. மனைவி உள்ளே டாக்டரிடம் இருந்தாள். பெஞ்சில் கிடந்த புத்தகத்தைப் பொழுதுபோகாமல் புரட்டியபோது அத்திமரம் அகப்பட்டது. ஒன்றல்ல, இரண்டு.

முதல் மரத்தில் இலை மட்டும் இருந்தது. பசியோடு வந்த இயேசு கனியில்லாததைக் கண்டு சபிக்க, மரம் பட்டுப்போனது. அத்திக்கு அது பருவமே இல்லை என்றும் அங்கேயே எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஐப்பசியில் வந்து மாம்பழம் கேட்டால் மரம் என்ன செய்யும்?

இரண்டாவது கதை பிடித்திருந்தது. மூன்று வருஷமாகக் காய்க்காத அத்தியை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். இன்னும் ஒரு வருஷம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் தோட்டக்காரன். திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளிடம் இதைச் சொன்னேன். "நல்ல மனுஷன்ங்க அந்தத் தோட்டக்காரரு" என்றாள்.

எங்கள் கொல்லையில் ஒரு மாமரம். பூக்கும், பிஞ்சு நிற்காது. கிரகண நேரத்தில் காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒருவர் வெட்ட ஓங்க வேண்டும், இன்னொருவர் குறுக்கே வந்து தடுக்க வேண்டும். எப்போதும் அம்மாதான் தடுப்பாள். அந்தக் கிரகணத்தன்று முட்டிவலி என்று உட்கார்ந்துகொண்டு, "நீ போய்த் தடும்மா" என்று மருமகளிடம் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் கிரகணத்தில் வெளியே வரக்கூடாது. அவளுக்கு அந்தத் தடையும் இல்லை.

கதை படித்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும். "இந்த வருஷம் காய்க்கலேன்னா வெட்டிடுவேன்" என்று அரிவாளை ஓங்கினேன்.

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு வருஷம் விடுங்க" என்றாள். நான் வழக்கப்படி சிரித்துக்கொண்டே, "சரி, ஒரு வருஷம்" என்றேன்.

அந்த ஒரு வருஷத்தில் டாக்டர் மூன்று முறை என்னையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். குறுவை அறுவடை என்றேன். அப்புறம் சம்பா நடவு என்றேன். உண்மையில் பயம். கதையில் வந்த தோட்டக்காரன் தவணை கேட்டதோடு நிற்கவில்லை, கொத்துகிற வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். நான் ஒரு கூடை எருகூடச் சுமக்கவில்லை.

வருஷம் திரும்பியதும் ஒரு காலையில் பையோடு வந்து நின்றாள்.

"ஒரு வருஷம் ஆயிடுச்சுங்க. நீங்க வேற கல்யாணம் பண்ணிக்குங்க."

"அது மரத்துக்குச் சொன்னதும்மா."

"நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். அத்தை மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலைங்க."

நீடாமங்கலத்தில் அவள் அண்ணன் வீடு. நானே பஸ் ஏற்றிவிட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

அம்மா எனக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். குறை என்னிடம் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வெளியில சொல்லிடாதப்பா" என்றாள்.

சொல்லவில்லை. பெண் பார்ப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். நீடாமங்கலத்தில் வளைகாப்பு வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை என்று கேள்வி. இரண்டு தடவை அந்த ஊர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். குறை தன்னிடம்தான் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.