எட்டாம் அறை நாற்காலி

பூர்கியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி எங்கள் தலைவி டாக்டரம்மா கேட்டார். எங்கள் அரண்மனை ஊழியர்களுக்கென்று மாதா மாதம் ஓர் இதழ் வருகிறது. அதில் ஒவ்வொருவராகப் படத்தோடு போடுகிறார்கள். "பக்கத்து அறைக்காரி நீங்கதானே, உங்களைவிட யாருக்கு அவளை நல்லாத் தெரியும்?" என்றார். பத்தொன்பது வருஷமாக இங்கேயே உட்கார்ந்திருக்கும் என்னைப் பற்றி எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சரி, போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சிரித்த முகம், சுறுசுறுப்பு, எல்லோருக்கும் பிரியமானவள், அந்த ரகம். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

என் பெயர் ஸீக்லிண்ட். கூட வேலை செய்பவர்களுக்கு லிண்டி. டான்யூப் நதிக்கரையில் எங்கள் ஊர். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரபு கட்டிய பரோக் பாணி அரண்மனை இது. கூரை ஓவியம் முழுக்கக் குண்டுக் குழந்தைகள் பறப்பார்கள், திரும்பின பக்கமெல்லாம் தங்கப் பூச்சு. இப்போது ஓவிய அருங்காட்சியகம். ஏழாம் அறைக்குக் காவல் நான். என் அறைச் சுவரில் நான்கு பிஷப்புகள். மூலையில், இரண்டு ஆள் உயரத்துக்கு குளிர்காயும் அடுப்பு, வெள்ளைப் பீங்கான் கணப்பு ஒன்று. பிஷப்புகளைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கி வருவதில்லை.

வருகிறவர்களெல்லாம் எட்டாம் அறைக்குத்தான் வருகிறார்கள். அங்கே 'கையுறைக்காரி' இருக்கிறாள். நீல உடுப்பு, ஒரு கையில் உறை, மற்றது வெறுங்கை. அஞ்சலட்டை, காப்பிக் கோப்பை, குடை எல்லாவற்றிலும் அவள்தான். ஜனங்கள் படியேறி, தரை கீறாமலிருக்கப் பூட்ஸுக்கு மேலே கம்பளி மிதியடியை மாட்டிக்கொண்டு, மரத்தரையில் சர் சர்ரென்று தேய்த்துக்கொண்டே வந்து என்னிடம் கேட்பது ஒரே கேள்வி.

"கையுறைக்காரி எங்கே?"

"அடுத்த அறை."

ஒரு நாளைக்கு இருநூறு தடவை. தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

எங்கள் அரண்மனையில் அறைக் கதவுகளெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். முதல் அறையில் நின்றால் கடைசி அறையின் ஜன்னல் தெரியும். ஆனால் என் நாற்காலி ஓரத்தில் இருப்பதால், எட்டாம் அறையில் எனக்குத் தெரிவது காவலாள் நாற்காலியில் பாதியும் கையுறைக்காரியின் முழங்கையும்தான். பத்தொன்பது வருஷமாக ஒரு முழங்கை! காலையில் திறப்பதற்கு முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம், வந்திருக்கிறேன். அவள் எதிரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வேறு அல்லவா?

அந்த நாற்காலி மூப்புப்படிதான் வரும். எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. முப்பத்தொரு வருஷம் அதில் உட்கார்ந்திருந்த லாம்பெர்ட், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் என் கோப்பையோடு தன் கோப்பையை இடித்து, "எனக்கப்புறம் நீதான் லிண்டி," என்பார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் அவர் ஓய்வு பெற்றார். நாற்காலியைப் பூர்கியிடம் கொடுத்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம்.

நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அருங்காட்சியகத்தின் தலைவி அவர்தான்.

"மூப்பு ஒண்ணு இருக்கு, இல்லேங்கல," என்றார். "ஆனா பார்வையாளர் புத்தகத்தைப் பாருங்க ஸீக்லிண்ட். பூர்கியைப் பத்திப் பதினோரு பக்கம் எழுதியிருக்காங்க."

"என்னைப் பத்தி?"

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு வரி இருக்கு. 'ஏழாம் அறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ'ன்னு ஒரு குழந்தை எழுதியிருக்கு."

இந்தப் பூர்கி யார்? முழுப் பெயர் நோட்பூர்கா. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ரொட்டிக் கடையில் இருபத்தாறு வருஷம் விற்பனைக்கு நின்றவள். புருஷன் படகில் சரக்கு ஏற்றுகிறவன். ஒரு நாள் படகோடு போனவன் ருமேனியாவில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் காலை நாலு மணிக்கு எழுந்து கடை திறந்து, இரண்டு பெண்களையும் படிக்கவைத்தாள். பிறகு கடையை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில், ஓவியத்தைப் பற்றி ஓர் எழுத்துத் தெரியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். முதல் நாளே, அறைக்குள் நுழைந்த ஜப்பானியர் கூட்டத்தைப் பார்த்து, "வாங்க வாங்க, அடுத்தது யாரு?" என்று கடைக்காரக் குரலில் கேட்டாளே! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாற்காலி கிடைத்த அன்று ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"லிண்டி, சத்தியமா நான் கேக்கவே இல்லடி. அவங்களாத்தான் குடுத்தாங்க."

அதுதான் இன்னும் எரிச்சல். கேட்டு வாங்கியிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேலாக, பிஷப்புகளோடு உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம் பக்கத்து அறைச் சிரிப்புதான். "இவளோட இன்னொரு கையுறை எங்க போச்சு? சொல்லுங்க பாப்போம்!" என்பாள். "நாய் தின்னுடுச்சு!" என்று ஒரு பையன் கத்துவான். "காதலன் எடுத்துட்டுப் போயிட்டான்," என்று ஒரு கிழவர் சொல்வார். "உங்க அனுபவமா தாத்தா?" என்பாள். மறுபடி சிரிப்பு. எனக்கு முழங்கையும் சிரிப்புச் சத்தமும்தான் மிச்சம். இரவில் வீட்டில் சூப்பை மேஜையில் வைக்கும்போது கிண்ணம் தானாக டங்கென்று விழும். "இன்னிக்கும் பூர்கியா?" என்பார் வீட்டுக்காரர்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவளாகவே என் கையில் வந்து சிக்கினாள். எட்டாம் அறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். பூர்கி என்ன செய்தாள் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து கசகசா தூவிய பன்னை எடுத்து, பிய்த்து, குழந்தையின் கையில் கொடுத்தாள். ஓவிய அறையில் தின்பண்டம்! துணுக்கு விழுந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் சுவரில் ஒட்டிய பட்டுத்துணியை அரிக்கும், ஓவியம் தீட்டிய துணியை அரிக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். குழந்தை வாயை மூடிக்கொண்டது. நான் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தேன்.

மாலையில் ஒவ்வொருவரும் தன் அறையைப் பற்றி ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். என் தாளில் எப்போதும் 'ஏழாம் அறை, குறை இல்லை' என்றுதான் இருக்கும். அன்று அதன் கீழே, 'எட்டாம் அறைத் தரையில் ரொட்டித் துணுக்கு, காலை 11.40' என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கை கூசவில்லையா என்று கேட்டால், இல்லை. எழுதி முடித்ததும் நன்றாகப் பசித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா எங்கள் இருவரையும் இடம் மாற்றினார். நான் எட்டு, பூர்கி ஏழு. கடைசியில் எனக்கு நாற்காலி! போய்ப் பார்த்தால் அதன்மேல் ஒரு சிறிய தலையணை, பூப்போட்ட உறை. 'முதுகுக்கு வெச்சுக்கோ லிண்டி' என்று ஒரு சீட்டு. என் மேல் இவளுக்கு என்ன பரிதாபம் என்று வந்ததே கோபம்! அதை எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

மூன்று வாரம் கையுறைக்காரியின் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால் நான்காம் நாளே ஆசை தீர்ந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு என் பக்கம் திரும்பினார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இங்க ஒரு ரொட்டிக்கடை அம்மா இருப்பாங்களே, அவங்க எங்கே?"

"அடுத்த அறை."

விதியைப் பாருங்கள். ஏழாம் அறையிலும் அதே பதில், எட்டாம் அறையிலும் அதே பதில்! அவர்கள் திரும்பிப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்பு கேட்கும். பிஷப்புகளை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு? கழுத்தை நீட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது கணப்பில் பாதியும் பூர்கியின் முழங்கையும்தான்.

ஒரு நாள் தாங்க முடியவில்லை. பள்ளிக் குழந்தைகள் கூட்டம் ஒன்று உள்ளே போய் அரைமணி ஆகியும் வெளியே வரவில்லை. என் பத்து நிமிஷ இடைவேளைக்கு மாற்று ஆள் வந்ததும், காப்பி குடிக்கப் போகாமல் நேராக ஏழாம் அறைக்குப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். என் சொந்த அறையில், வேடிக்கை பார்க்க வந்தவளைப் போல.

"இவ்வளவு பெரிய கணப்பு," என்று பூர்கி சொல்லிக்கொண்டிருந்தாள். "பிரபு குடும்பமே இதைச் சுத்தி உக்காந்து குளிர் காஞ்சிருக்கு. சரி, விறகு போடணுமே? இதுக்கு வாய் எங்க? தேடுங்க, தேடுங்க!"

குழந்தைகள் முன்னும் பின்னும் குனிந்து தேடினார்கள். வாய் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜமாகவே இல்லை! பத்தொன்பது வருஷம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பென்றால் வாய் இருக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் பூர்கி என்னைப் பார்த்துவிட்டாள். "அட, இதோ வந்துட்டாங்க! இந்த அறை இவங்களோடது. பத்தொன்பது வருஷமா இவங்கதான் ராணி. இவங்களைக் கேளுங்க!"

இருபது முகங்கள் என் பக்கம் திரும்பின. முன்பல் விழுந்த ஒரு சிறுமி என் அருகில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "வாய் எங்கே இருக்கு?"

எங்கே என்று யாராவது கேட்டால் என் வாயில் வருவது ஒன்றே ஒன்றுதானே. அதுதான் வந்தது.

"அடுத்த அறை."

செத்தேன் என்று நினைத்தேன். பூர்கி படீரென்று கை தட்டினாள்.

"பாத்தீங்களா! கரெக்ட்! வாங்க எல்லாரும்!"

கூட்டம் மிதியடியைத் தேய்த்துக்கொண்டு எட்டாம் அறைக்கு ஓடியது. பூர்கி மாற்று ஆளை எழுப்பி என் நாற்காலியை நகர்த்தி, பின்னாலிருந்த சுவர்ப் பட்டுத்துணியை விரலால் அழுத்தினாள். சுவர் திறந்தது. கதவு! பட்டோடு பட்டாக ஒட்டிய ஒரு சின்னக் கதவு. உள்ளே இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருட்டுச் சந்து, கரிபிடித்த இரும்பு வாய். "வேலைக்காரங்க முகம் பிரபு கண்ணுல படக் கூடாதாம்," என்றாள். "அதனால இந்தச் சந்துல நின்னு விறகு போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் சூடு, இந்தப் பக்கம் புகை." குழந்தைகள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். போகும்போது ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முன்பல் இல்லாத சிறுமி பார்வையாளர் புத்தகத்தில் என் பெயரைக் கேட்டு எழுதினாள்.

எல்லோரும் போன பிறகு பூர்கி அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இங்க உக்காந்திருந்தப்போ முதுகுல குளிர்க் காத்து அடிச்சுகிட்டே இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுத் தட்டிப் பாத்துதான் கதவையே கண்டுபிடிச்சேன். பெரிசா சாதிச்சுட்டதா நெனச்சேன். நீ எல்லாம் தெரிஞ்சுகிட்டு ஒரு வார்த்தை பேசாம பத்தொன்பது வருஷம் உக்காந்திருக்க. யேசு மரியா! பொறாமையா இருக்குடி உன் மேல."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று கண்ணைப் பார்த்தேன். இல்லை, நிஜப் பொறாமைதான். அந்தக் கண் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தி என்மேல் பொறாமைப்படுகிறாள். எனக்குத் தெரியாத ஒன்றுக்காக.

"அன்னிக்கு யாரோ பார்வையாளர் புகார் குடுத்தாங்க போல," என்றாள். "நல்லா இருக்கட்டும். இல்லேன்னா எனக்கு அந்தக் கணப்பு கெடச்சிருக்குமா?"

இரண்டையும் அப்போதே சொல்லியிருக்கலாம். கதவு தெரியாது என்பதை, தாளில் எழுதியது யார் என்பதை.

"சரி சரி, போய் வேலையைப் பாரு," என்றேன்.

அவள் போனாள். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். சில்லென்று முதுகில் காற்று அடித்தது. மூன்று வாரமாக அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். குனிந்து, அடியில் கிடந்த அந்தத் தலையணையை எடுத்துத் தூசி தட்டி, முதுகுக்கு வைத்துக்கொண்டேன்.