படத்தில் இல்லாத தோணிகள்

போன கிழமை ஒரு கூட்டம். எங்கள் தோணித்துறையை நிரப்பி ஹோட்டல் கட்டப்போகிறார்களாம். வாவியில் இறங்க எங்களுக்கு இருப்பது அந்த ஒரு துறைதான்.

கூட்டம் வைத்த அலுவலகத்து ஐயா கேட்டார்: "அதில மீன்பிடித் தொழில் நடக்குதெண்டதுக்கு என்ன சாட்சி?"

தாளை நீட்டினேன். போனில் சட்டலைட் மெப்பைத் திறந்து நானே எடுத்த ஸ்கிரீன்சொட். வாவி முழுக்கத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தேன் — பெருமைக்கு! பிறகு துறையை மட்டும் இழுத்துப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டேன்.

தாளில் என்ன தெரிந்தது? பச்சைக் கட்டி. சாம்பல் கட்டி.

ஹோட்டல்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதில எங்க தோணி? பத்தைக்காடுதானே கிடக்கு."

அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார் ஐயா.

விடுவேனா? கூட்டாளி நாதனையும் கூட்டிக்கொண்டு நேரே அதே பிரிண்ட் கடைக்குப் போனேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான் தானே அண்ணே?" என்றாள் கடை நடத்துகிற சாந்தி. "படத்த இழுத்தாப் பெருக்கும். தெளியாது."

"ஓம் புள்ள. இப்ப என்ன செய்ற?"

"மெப்பக் கிட்டக் கொண்டுபோய், துண்டு துண்டா எடுங்க. மறுகா நான் ஒட்டித் தாறன்."

"போன்ல வடிவாத்தானே மச்சான் இருந்திச்சு?" என்றான் நாதன்.

"போன் உள்ளங்கையளவு. ஐயாட மேசை எவ்வளவு?" என்றேன்.

எடுத்தோம். சாந்தி ஒட்டிப் பெரிய தாளில் அடித்தாள். கரையோரம் அரிசி சிந்தினதுபோல வெள்ளை வெள்ளையாக... தோணிகள்!

"டேய், அந்த மழைக்கு நீலப் படங்கு போட்டு மூடினது என்ட தோணி!" கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினான் நாதன்.

அதே பெரிய படத்தை எங்கள் மீனவர் சங்கத்து ஆட்களின் போனுக்கும் அனுப்பினேன். ஏச்சுத்தான் வந்தது. "என்ன மனே, டேட்டா முழுக்கக் குடிச்சிட்டு இன்னும் சுத்துது!" சரி, போனுக்குச் சின்னது போதும். தாளுக்குத்தான் பெரிது வேண்டும். மங்கலாய்க் கிடந்தால் தோணியே 'இல்லை' என்று ஹோட்டல் பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது வசதி.

நேற்று மறுபடி கூட்டம். தாளை மேசையில் விரித்தேன். ஐயா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது பழைய படமாயிருக்கும்" என்றார் ஹோட்டல்காரர்.

"அப்ப நேரில வந்து பாருங்கவன்" என்றான் நாதன்.

வருகிறேன் என்றிருக்கிறார் ஐயா. வரட்டும். சட்டலைட்டும் அடுத்த படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

துறையில் இப்போது எல்லாத் தோணிக்கும் நீலப் படங்கு.