நூல் சுற்றிய உருண்டை

ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஆயுத பூஜை என்றால் ஒரு திருகாணிகூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. ஓசூரில் பாதி ஆயுள் லேத் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கும் அந்தப் பித்து விடவில்லை. எங்கள் ஊர் நூலக மாடியில் நான் பார்த்துக்கொள்ளும் பழம்பொருள் அறைக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டேன். யானை தந்தத்தால் குத்திக் கிழித்த தகரக் கதவு, ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போன ஆலைச் சங்கு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் பேருந்துப் பலகை, எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. "காயலான் கடைக்காரன்கூட வாங்க மாட்டான்" என்பாள் என் மனைவி. வெள்ளிதோறும் வந்து துடைப்பதும் அவள்தான்.

போன ஆயுத பூஜைக்கு நூலகம் விடுமுறை. மாடியில் நாங்கள் இருவர் மட்டும். பொரித் தாம்பாளத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் சந்தனக் கிண்ணத்தோடு அலமாரி அலமாரியாகப் போய்க்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. சானமாவுக் காட்டுப் பக்கத்திலிருந்து, இறந்துபோன தன் அப்பாவின் பெட்டியை எங்களுக்குக் கொடுத்த விவசாயி.

"சார், அந்தப் பொட்டியில நூல் சுத்துன உருண்டை ஒண்ணு இருந்துச்சுங்களா?"

இருந்தது. எலுமிச்சை அளவு. தறி நூல் என்று நானே சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன், பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி.

"அது காட்டுப்பன்னிக்கு வெக்கிற வெடிங்க சார். பரண்ல இன்னொண்ணு கெடச்சுது, சித்தப்பாதான் பாத்துட்டுச் சொன்னாரு. பன்னி கடிச்சதும் வெடிக்குமாம். அமுக்கிராதீங்க."

திரும்பினேன். உருண்டை அவள் இடது கையில் இருந்தது. வலது விரலில் சந்தனம். கத்தினால் திடுக்கிட்டு இறுக்கிவிடுவாள்.

"அதுக்குப் பொட்டு வேணாம்," என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

"எல்லாத்துக்கும் வெச்சுட்டு இதுக்கு மட்டும் என்னங்க ஓரவஞ்சனை?" விரல் கிட்டே போனது.

"அது வெடி. அமுக்காத."

என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று புரிந்துவிட்டது. அலமாரியில் வைத்தால் உருண்டு விழும். பொரித் தாம்பாளத்தை எடுத்துப் போய் அவள் கைக்குக் கீழே நீட்டினேன். தாம்பாளம் கடகடவென்று ஆடியது.

"உங்க கை நடுங்குது. கீழ வெச்சுட்டுத் தள்ளிப் போங்க."

கீழே வைத்தேன். தள்ளிப் போகவில்லை. அவள் மெல்ல மண்டியிட்டு, பொரிக்குள் உருண்டையை இறக்கி, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பொரி சரிந்த சத்தத்துக்கே என் உயிர் போய் வந்தது.

கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போலீசுக்குச் சொன்னோம். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து மணல் நிரப்பிய பெட்டியில் அதை எடுத்துப் போனார்கள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் அதுல நூலு பிரிஞ்சு தொங்குச்சுங்க," என்றாள். "கத்திரி கைல இல்ல. பல்லால கடிச்சுத்தான் அறுத்தேன்."