நைமிரிஸ் சோஸும் பக்கத்து அறை அக்காவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் ஒரே நீள வரிசை வீடு, அறைக்கு அறை சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரை போகாது. ஓர் அறையில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடலாம். ஆகவே பக்கத்து அறை அக்கா எங்கள் வாசலை மிதிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நான் மாசமாக இருந்தபோது, கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு எனக்குக் கஞ்சி வைத்துத் தந்தவர் அவர்தான். என் மகள் பிறந்து தீட்டுக் கழித்த அன்று குழந்தையைத் தூக்கக் கை நீட்டியிருக்கிறார். "பிள்ள இல்லாதவங்க கண்ணு பொல்லாதது" என்று என் மாமியார் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்கா போய்விட்டார். அதன்பிறகு கூப்பிட்டாலும் வரவில்லை. எனக்கு அது பொறுக்கவே இல்லை. மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கேட்க வேண்டிய விஷயத்தை அவரே தெரிவுசெய்வார்.

இந்த நிலையில்தான் பின்பக்கத்து நைமிரிஸ் செடி கன்னாபின்னாவென்று காய்த்தது. நைமிரிஸ் மிளகாய் பார்க்கக் குட்டையாக, சுருங்கி, அப்பாவி போல இருக்கும். கறிக்கு ஒன்று போட்டாலே என் வீட்டுக்காரர் தண்ணீர்க்குடத்தைத் தேடுவார். செடியிலோ கூடை நிறையப் பழம். போனில் ஒரு பெண் சிரித்தபடி மிளகாய் சோஸ் செய்வதைப் பார்த்தேன். மிளகாயையும் வெள்ளைப்பூடையும் கருக வறுத்து, வினாகிரி என்கிற காடியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரைக்க வேண்டுமாம். அவள் வீட்டுக்குப் பெரிய ஜன்னல் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

மாமியார் குழந்தையோடு கீழ் லயத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து சட்டியை அடுப்பில் வைத்தேன். மிளகாய் கருகியது. முதலில் நான் இருமினேன். பிறகு கடைசி அறைவரை வரிசையாக இருமினார்கள். யாரோ சிங்களத்திலும் ஏசினார்கள்.

கதவு படாரென்று திறந்தது. அக்கா.

"ஏன்டி, என் கண்ணு பட்டுருச்சுன்னு மொளகா சுத்திப் போடுறியா? நீயுமாடி?"

முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். குரல் உடைந்திருந்தது. நான் இருமலுக்கு நடுவில் கத்தினேன்.

"ஐயோ அக்கா, சோஸ் பண்றேன்!"

"என்னா சோஸு? பொய் சொல்லாத."

சட்டியைக் காட்டினேன். நம்பவில்லை. நான் நினைத்தும் பார்க்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, கண்ணு பட்டிருந்தா நெடி வருமா?"

அக்கா யோசித்தார். எங்கள் பக்கம் அதுதான் கணக்கு. மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டும் நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, இருமல் வந்தால் ஒன்றுமில்லை. லயமே இருமிக்கொண்டிருந்தது. அக்கா பலமாகத் தும்மினார்.

"வரத்தான் செய்யுது" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

வினாகிரியை ஊற்றி மூடிவிட்டு, இருவரும் வாசலுக்கு ஓடினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் குழந்தையோடு படியேறி வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றார். பிறகு இருமத் தொடங்கினார்.

"என்னா இது, இந்த நெடி?"

"சுத்திப் போட்டேன் அத்தே. புள்ளையோட சட்டைய வச்சு."

"யாரு கண்ணுக்கு?"

"அக்கா கண்ணுக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மறுபடி திறந்தார், மறுபடியும் இருமல். அவருடைய சாத்திரத்தை அவருடைய தொண்டையே நிரூபித்துக்கொண்டிருந்தது.

குழந்தையை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டு, நெடி எட்டாத, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிவரை நடந்து போய், அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதார்.