விருத்தாசலத்திலிருந்து அரியலூர் வரை

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். என் கணவர் அங்கே ஒரு ஹைஸ்கூலில் வாத்தியார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்றரை. ஸ்ரீரங்கத்தில் இருந்த என் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றும், புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாள் என்றும் அத்தானிடமிருந்து கார்டு வந்தது. அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்காதான். கார்டைப் படித்ததும் கிளம்பிவிடத் தோன்றியது.

"பரீட்சை நடக்குது. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு குழந்தையை வச்சுக்கிட்டுத் தனியா போகாதே" என்றார் கணவர். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அவரே ஸ்டேஷனுக்கு வந்து, எஞ்சினுக்கு அடுத்தாற்போல் இருந்த பெண்கள் பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டார். வண்டி நகரும்போது, "எங்கேயும் இறங்காதே" என்று சொன்னார்.

வண்டி புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் மகனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. குடித்த பாலையெல்லாம் என் மேலேயே கக்கினான். துடைக்கவும் குடிக்கவுமாகக் கூஜாத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. விருத்தாசலம் வந்தபோது உச்சிவெயில். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு முனகினான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள், வண்டி நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். மகளை ஜன்னலோரம் நகர்த்தி, தம்பியை அவள் மடியில் வைத்தேன்.

"அம்மா தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன். தம்பியை விட்டுடாதே, கண்ணு."

"சீக்கிரம் வா" என்றாள்.

குழாய் பிளாட்பாரத்தின் நடுவில் இருந்தது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். குழாயில் தண்ணீர் நூலாய் வந்தது. என் முறை வந்து கூஜா பாதி நிறைவதற்குள் எஞ்சின் விசில் ஊதிவிட்டது. ஓடினேன். புடவை காலைத் தடுக்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. முன்னால் இருந்த பெண்கள் பெட்டியை இனிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. பக்கத்தில் வந்த பெட்டியின் வாசலில் நின்ற ஒருவர் கையை நீட்டி என்னை உள்ளே இழுத்துப் போட்டார். கூஜா கீழே விழுந்து உருண்டது.

அப்போதெல்லாம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. அந்த வண்டி விருத்தாசலம் விட்டால் அரியலூரில்தான் நிற்கும்.

"என் குழந்தைங்க முன்னாடி இருக்காங்க. சங்கிலியை இழுங்க" என்றேன்.

பெட்டி முழுக்க ஆண்கள். ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளைங்க வண்டிக்குள்ளதானம்மா இருக்காங்க? நடுக்காட்டுல நிறுத்தினா நீங்க எப்படி ஜல்லியில ஓடி ஏறுவீங்க? அரியலூர்ல இறங்கி மாறிக்கலாம். உட்காருங்க."

நியாயமாகத்தான் பட்டது. எழுந்து நானே இழுத்திருக்கலாம். சங்கிலி என் கைக்கு எட்டும் உயரம்தான். அத்தனை பேர் பார்க்க, பால் வாடை அடிக்கும் புடவையோடு எழுந்து நிற்கக் கூச்சப்பட்டேன். கூச்சம்தான், வேறு காரணம் சொல்லிப் பயனில்லை. கதவோரம் குந்தி உட்கார்ந்துகொண்டேன். தண்டவாளச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு நிமிஷமும் என் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. மகள் கதவுப் பக்கம் வந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்தது. வெளியே தண்டவாள ஓரத்தைப் பார்க்கவே பயந்தேன்.

அரியலூரில் வண்டி முழுசாக நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

மகள் நான் விட்ட இடத்தில் இல்லை. எதிர் பெஞ்சில், கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அந்த அம்மாளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மகளின் இடது முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"நீங்கதான் தாயா?" என்றாள் அந்த அம்மாள். "வண்டி நகர்ந்ததும் தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டு இறங்கப் போயிட்டா. கதவைத் திறந்துட்டா, தெரியுமா? நான் கையைப் பிடிச்சு இழுத்ததுல ரெண்டு பேரும் விழுந்தாங்க. ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லிட்டு இறங்கக் கூடாதா? நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். வழியில் தன்னிடமிருந்த தண்ணீரை அவன் வாயில் துளித்துளியாக விட்டிருந்தவளும் அந்த அம்மாள்தான். மகளை அணைக்கப் போனேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அழவில்லை. லால்குடி போயிற்று. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியது. எப்போதும் அந்தப் பாலத்தில் கூச்சல் போடுகிறவள் வாயைத் திறக்கவில்லை.

என் கணவர் அடித்த தந்தியைப் பார்த்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் அத்தான் நின்றார். அக்கா தேறி வருகிறாள், மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது, "கையில என்ன பாப்பா காயம்?" என்று மகளைக் கேட்டார்.

"அம்மா எங்களை விட்டுட்டுப் போயிட்டா. நான் குதிக்கப் போனேன்" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். இவர் ஒரு கார்டு போட்டால் விழுப்புரத்தில் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"கதை விடறா அத்தான். ஓடி விளையாடி விழுந்தா" என்று சிரித்தேன்.

அத்தானும் சிரித்தார். "ரயில்ல இருந்து குதிச்சியா? பெரிய ஆளுதான் நீ."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டாள். ரயிலில் அவளை விட்டுவிட்டது என் அவசரம். இந்தப் பொய் நான் தெரிந்தே சொன்னது. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மகனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. டவுன் பஸ் பிடித்து, மலைக்கோட்டைப் பக்கம் இறங்கி, வேறு பஸ் மாறிப் புத்தூர் போய்ச் சேர்ந்தோம். அத்தான் மருந்து வாங்கக் கடைக்குப் போனார். அக்கா வெளுத்துக் கிடந்தாள். என் மகளைக் கண்டதும் கையை நீட்டி, "பெரியம்மாகிட்ட வா. ரயில்ல என்னென்ன பார்த்தே?" என்றாள்.

"ஒண்ணும் பார்க்கல" என்றாள் மகள். "நான் சொன்னா பொய்யும்பாங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். குழாய், கூச்சம், கதவு, நேற்று அத்தானிடம் சொன்ன பொய் எல்லாம். "அவ சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது நான்தான்" என்றபோது குரல் உடைந்து அழுதுவிட்டேன். அக்கா வலியோடு ஒருக்களித்துப் படுத்து, என் மகளின் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பாகிட்டயும் சொல்லு" என்றாள் மகள்.

அத்தான் மருந்தோடு திரும்பியதும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னிடம் பேசாமல் குனிந்து, "நேத்து உன்னைப் பார்த்துச் சிரிச்சுட்டேன் பாப்பா, தப்பு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் என் பக்கம் வரவில்லை. அதற்கு இன்னும் நாலைந்து நாள் ஆயிற்று. ஒரு மத்தியானம் நான் படுத்திருந்தபோது தானாக வந்து என் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அசையாமல் கிடந்தேன்.

பத்து நாளில் அக்கா வீட்டுக்கு வந்தாள். நாங்கள் திரும்பும்போது அத்தான் துணைக்கு வந்தார். கணவருக்கு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. தினமும் எழுத நினைத்து, தினமும் தள்ளிப் போட்டேன். விழுப்புரத்தில் இறங்கிய உடனே மகள் ஸ்டேஷனுக்கு வந்திருந்த தன் அப்பாவிடம் ஓடி, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்" என்று சொன்னேன்.