தேனிலவுக்கு நான் ஒருத்திதான்

ஒவ்வொரு மே மாதமும் அண்ணன் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவேன். அவர்கள் கடலில் குளிப்பார்கள். நான் கரையில் பைகளுக்குக் காவல் இருப்பேன். கல்யாணம் ஆகாத டீச்சருக்கு விடுமுறை அவ்வளவுதான்.

இந்த வருடம் மழைக்காடும் தீவுகளும் பார்க்க அந்தமான் போவதென்று திண்டுக்கல்லில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். அண்ணனும் கூடவே வந்தார்.

"ஹனிமூன் பேக்கேஜ்தான் மேடம் மிச்சம் இருக்கு," என்றாள் அங்கிருந்த பெண்.

"ஊரே சிரிக்கும். எந்திரி, போவோம்," என்றார் அண்ணன்.

அவர் சொன்னால் எழுந்துதான் எனக்குப் பழக்கம். அன்று எழவில்லை.

"அதையே போடும்மா. நான் ஒருத்திதான் போறேன்."

"கட்டில்ல பூவெல்லாம் போடுவாங்க மேடம். கேக்கு வேற குடுப்பாங்க."

"போடட்டும். கேக்கு முழுசையும் நானே தின்னுக்கிறேன்."

பணம் கட்டக் கார்டை எடுத்துக்கொண்டு, என் பையை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"செத்த நேரம் இதப் பாத்துக்கண்ணே."