செல்விக்கு அடுத்த பெயர்

செக் நாட்டின் ப்ர்னோ நகரத்துக்கு வந்த புதிதில், நூலகத்தில் சொல்லிவைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுக்கப் போனேன். சொல்லிவைத்த புத்தகங்களைக் குடும்பப் பெயர் வரிசையில் ஓர் அலமாரியில் அடுக்கியிருப்பார்கள், நாமே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கேது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர்தான் இங்கே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. செல்லையா. ஆங்கிலத்தில் சி, எச் என்று தொடங்கும். சி தட்டு முழுக்கத் துழாவியும் காணோம். மேசையிலிருந்த பெண்மணி எழுந்து வந்து, எச் தட்டையும் தாண்டி அதற்கடுத்த தட்டிலிருந்து என் புத்தகத்தை உருவிக் கொடுத்தார். “சியும் எச்சும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு ஒரே எழுத்து. எச்சுக்குப் பிறகுதான் வரும்” என்றார். “இரண்டு எழுத்துதானே?” என்று கேட்டுவிட்டேன். நான் கோபித்துக்கொண்டதாக நினைத்தவர், “வேண்டுமானால் உங்கள் பெயரை வேறு மாதிரி பதிந்துகொள்ளட்டுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ராஜபாளையத்து ஆலையையும் எங்கள் தெருவையும் தவிர வேறெங்கும் போயறியாத மனிதர் என் அப்பா. இறந்து இத்தனை வருஷம் கழித்து, இந்தக் குளிர் தேசத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அவரைக் கண்டெடுத்ததில் கண் கலங்கிவிட்டது. அதை எனக்குத் தெரிந்த நாலு செக் சொற்களில் எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், எனக்குச் சோறு போடுவதும் இதே வரிசைச் சங்கதிதான். கணினிக்கு எழுத்து தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறோம், அந்த எண்ணைப் பார்த்துத்தான் அது பெயர்களை அடுக்கும். ஆனால் எண்ணின் வரிசை வேறு, அந்தந்த மொழிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை வேறு. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்படி அடுக்கினால் ‘ச’வுக்கு அடுத்து ‘ஜ’ வந்து நிற்கும். நாம் படித்த முறையில் ‘ன’வோடு பதினெட்டு மெய்களும் முடிந்த பிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம். நூலகங்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் நிறுவனத்தில், எந்த மொழிக்கு எந்த வரிசை என்று கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தமிழ் என் தலையில் விழுந்தது.

‘ஜ’வைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, பக்கத்து இருக்கை மாரெக் காரணம் கேட்டார். “அவை வெளியிலிருந்து வந்த எழுத்துகள்” என்றேன். “வந்து எவ்வளவு காலமாயிற்று?” “பல நூறு வருஷம் இருக்கும்.” “இன்னுமா கடைசியில் நிற்கின்றன?” என்றார். என் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, ஜெயா. என் முகம் போன போக்கைப் பார்த்து நான் விசாவைப் பற்றித்தான் ஜாடையாகப் பேசுகிறேன் என்று முடிவு கட்டி, “கவலைப்படாதே, இன்னும் கொஞ்ச நாளில் உனக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிடும்” என்று தேற்றினார். நல்ல மனிதர். ‘ஜ’ கடைசிக்குப் போனது.

அம்மா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறாள். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற பட்டறைக்கு இன்னும் வேலைக்குப் போகிறாள், வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவளிடம் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. நம்பர்களை எல்லாம் நான்தான் தமிழில் போட்டுக் கொடுத்திருந்தேன். எதிர்வீட்டு செல்வி அக்கா, தன் பெயர் எப்படி இருக்கும் என்று மட்டும் அம்மாவுக்குக் காட்டிப் பழக்கிவிட்டிருந்தார். அதற்கு அடுத்தது நான். “என் பேரையும் பழகிக்கயேம்மா” என்றால், “அதான் செல்விக்கு அடுத்தாப்ல இருக்கயே, பொறவு என்ன?” என்பாள். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் செல்விக்கு அடுத்த பெயரை அமுக்கி, இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். இங்கே மத்தியானமாக இருக்கும். நான் திருப்பிக் கூப்பிடுவேன். மிஸ்டு கால் என்பது நம் ஊரில் தனி பாஷை, இங்குள்ளவர்களுக்கு எத்தனை முறை விளக்கினாலும் புரியாது.

எனக்கு அடுத்த பெயர் தங்கப்பாண்டி மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். பட்டாளத்திலிருந்து திரும்பிக் கூமாப்பட்டியில் தென்னையும் நெல்லுமாக விவசாயம் பார்க்கிறார். அவர் மகனுக்கு என்னைக் கட்டுவதாகப் பெரியவர்கள் பேசிவைத்திருந்தார்கள். நான் மாட்டேன் என்றேன், வேலை கிடைத்து இங்கே வந்தும்விட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தது அம்மா. மாமா எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே துணையும் போயிற்று. “அந்த நம்பர அழிச்சுரவா?” என்று ஒரு தடவை கேட்டேன். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

போன வருஷம் பட்டன் போன் பழுதாகிவிட, நான் சொல்லி செல்வி அக்கா ஒரு டச் போன் வாங்கி வந்தார். கடைக்காரர் பழைய நம்பர்களை அப்படியே அதில் ஏற்றிக் கொடுத்தாராம். அந்தக் கையோடு செல்வி அக்கா, மகளின் பிரசவத்துக்காக சிவகாசிக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அம்மாவின் மிஸ்டு கால் நின்றுபோனது. நானாகக் கூப்பிட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது என்று கடைசியாகப் பேசியபோது சொல்லியிருந்தேன். அந்தக் கோபம்தான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கோபமாக மட்டும் இருந்தால் போதுமே என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். ஊரில் ஒரு போன் எடுக்கப்படாவிட்டால், மனம் எங்கெங்கோ போய்விட்டு வரும்.

நாலைந்து நாள் கழித்து, அலுவலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டபோது எடுத்தார்கள். ஆண் குரல்.

“ஏட்டி செயா, மாமா பேசுதேன். பதறாத, ஒங்காத்தா நல்லாத்தான் இருக்கா. இந்தப் போன எடுக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தா. பச்சையத் தள்ளணும்னு இப்பத்தான் காட்டிக் குடுத்தேன்.”

“மாமா, நீங்க எப்படி அங்க?” என்று மட்டும் வந்தது எனக்கு.

“இவதான தெனமும் ரெண்டு ரிங் விட்டுட்டு வச்சுருதா. மொத நா கை தவறிப் பட்டுருக்கும்னு இருந்தேன். மறுநாளும் வருது, அதுக்கு மறுநாளும் வருது. திருப்பிக் கூப்புட்டா எடுக்க மாட்டேங்கா. அம்புட்டு வீம்பு புடிச்சவ கூப்புடுதான்னா, மேலுக்கு முடியாமத்தான் இருக்கும்னு பஸ் ஏறிட்டேன்.” ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது பால்கோவா வேறு வாங்கி வந்திருக்கிறார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வாங்குகிற பண்டமா அது? தங்கச்சிக்குப் பிடிக்கும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

போன் அம்மாவிடம் வந்தது. “ஏட்டி, ஒனக்கு ரிங் விட்டா அண்ணன் எப்படி வந்து நிக்காவ?” என்று குசுகுசுவென்று கேட்டாள். “நீ எதம்மா அமுக்குன?” என்றேன். “செல்விக்கு அடுத்தத.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய போன் எண்படி அடுக்கியது, ‘ச’வுக்கு அடுத்து ‘ஜ’. புதிய போன் தமிழை ஒழுங்காகப் படித்த போன். என்னைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டு, செல்விக்கு அடுத்து மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. “அம்மா, அது நான் இல்லம்மா, அது வந்து மாமா…” என்று விளக்க ஆரம்பித்தேன்.

“செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரு” என்று பல்லைக் கடித்துச் சொன்னவள், உடனே மாமாவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். “ஆமாட்டி, அண்ணனுக்குத்தான் போட்டேன். எனக்கு அவியளப் பாக்கணும்போல இருந்துச்சு. போடக் கூடாதா?”

அந்தப் பக்கம் மாமா தொண்டையைச் செருமினார். “சரி சரி, சோத்தப் போடு, பசிக்கி” என்றார். அதற்கப்புறம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. போனை வைக்க அம்மா மறந்துவிட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியபோது, என்ன ஆயிற்று என்று மாரெக் கேட்டார். “தமிழ் வரிசை சரியாக வேலை செய்கிறது” என்றேன். சோதனை முடிந்தது என்று அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

இப்போது மாமா வாரம் ஒரு தடவையாவது ராஜபாளையம் வந்துவிடுகிறார். அம்மாவின் முதல் மிஸ்டு கால் அவருக்குத்தான் போகிறது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. சிவகாசியிலிருந்து திரும்பிய செல்வி அக்காவிடம், “என் பேருக்கு முன்னால ஒரு ‘அ’ போட்டுருங்கக்கா, மேலே வந்துரும்” என்று சொல்லிவிட்டேன். அம்மா போனைத் தரவே இல்லையாம். அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்குட்டி மாத்தச் சொன்ன? அண்ணன் அங்கனயே இருக்கட்டும். ஒன்னயத் தேடவே வேண்டாம். வெரல வச்சு ஒரே தள்ளு. கடகடன்னு எல்லாரும் ஓடிப் போயிருதாவ. நீ மட்டுந்தான் அடியில நிக்க.”

மத்தியானத்தில் என் போன் இரண்டு ரிங் அடித்து ஓய்கிறது. அதற்கு முன்னால் அம்மாவின் விரலுக்கடியில் மாமாவும் பால்காரரும் பட்டறை மேஸ்திரியுமாக ஊர் மொத்தமும் ஓடியிருக்கும். ஊர் முடிகிற இடத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் போகாமல், நான் நின்றுகொண்டிருக்கிறேன். அங்கே வந்துதான் அவள் விரல் நிற்கிறது. உடனே திருப்பிக் கூப்பிடுகிறேன்.